புதுப் பட்டர்

'பட்டர்' என்றதும் உங்களில் பாதிப் பேருக்குக் கோயில் கர்ப்பக்கிருகமும் தீபாராதனையும் ஞாபகத்துக்கு வந்திருக்கும். மீதிப் பேருக்கு ரொட்டியில் தடவிச் சாப்பிடுகிற வெண்ணெய் ஞாபகத்துக்கு வந்திருக்கும். நான் சொல்ல வந்த பட்டர் இரண்டும் அல்ல. அது ஒரு பிளாஸ்டிக் தட்டு. நம் வீட்டுச் சிற்றுண்டித் தட்டு அளவுதான் இருக்கும். அந்தத் தட்டு ஒரு குடும்பத்தை மூன்று மாதம் ஆட்டி வைத்தது என்றால் நம்புவீர்களா? நான் கண்ணால் பார்த்தேன். ஆகையால் நம்புகிறேன்.

2023-ஆம் வருஷம் அக்டோபர் மாதம் இருபது நாள் லீவு போட்டுவிட்டு, அமெரிக்காவில் கலிபோர்னியாவில் இருக்கும் என் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். போன அன்றே, அத்தான் மாடியில் தூங்கிக்கொண்டிருந்த சமயம், அக்கா என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள். "உங்க அத்தானுக்குப் புதுப் பட்டர் ஒத்துவரவில்லை" என்றாள்.

"வெண்ணெய் ஒத்துவரவில்லை என்றால் நெய் ஊற்றேன்" என்றேன்.

அக்கா சிரிக்கவில்லை. அப்போதே எனக்கு விஷயம் கொஞ்சம் கனமானது என்று தெரிந்துவிட்டது.

அலமாரியைத் திறந்து ஒரு தட்டை எடுத்து என் கையில் கொடுத்தாள். நல்ல நீல நிறம். புத்தம் புதிது. ஒரு கீறல் கிடையாது. "ஜூலை மாதம் அவர் பிறந்தநாளுக்கு வாங்கிக் கொடுத்தேன். இரண்டு தரம் எறிந்து பார்த்தார். 'கையிலே நிக்கலை'ன்னு சொல்லி வைத்தவர்தான். மூன்று மாதமாயிற்று, தொடவே இல்லை" என்றாள்.

தட்டு எறிவது ஒரு பெரிய விஷயமா என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் கேட்டேன். அதனால் முதலில் அந்த விளையாட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

அதற்கு டிஸ்க் கால்ஃப் என்று பெயர். பணக்காரர்கள் குச்சியால் பந்தை அடித்துக் குழியில் தள்ளுகிற கால்ஃபை நீங்கள் சினிமாவிலாவது பார்த்திருப்பீர்கள். இதில் பந்துக்குப் பதில் தட்டு. குழிக்குப் பதில் கம்பத்தில் மாட்டிய இரும்புக் கூடை. கூடைக்கு மேலே வட்டமாகச் சங்கிலிகள் தொங்கும். எறிந்த தட்டு சங்கிலியில் மோதிக் கூடைக்குள் விழுந்து தங்க வேண்டும். மிகக் குறைந்த எறிதலில் எல்லாக் கூடைகளையும் முடிப்பவர் கெட்டிக்காரர். பெரும்பாலும் பொதுப் பூங்காக்களில் ஆடுவது. பல இடங்களில் காசே கிடையாது. மூன்று தட்டு இருந்தால் போதும்.

தூரம் எறிவதற்கு விளிம்பு கூராக உள்ள தட்டு, நடுத்தரத்துக்கு ஒன்று, கூடைக்கு அருகில் வந்ததும் போடுவதற்கு விளிம்பு மழுங்கலான, மெள்ளப் பறக்கிற தட்டு. இந்தக் கடைசித் தட்டுக்குத்தான் பட்டர் என்று பெயர். கூடையிலிருந்து 10 மீட்டர் வட்டத்துக்குள் வந்துவிட்டால் ஆட்டத்தின் சட்டமே மாறிவிடுகிறது. எறிந்த பிறகு முன்னால் சாயக் கூடாது. காலை ஊன்றி நிலையாக நிற்க வேண்டும். நம் ஊர்க் கல்யாணத்தில் பந்தி, பாட்டு, ஊர்வலம் எல்லாம் அமர்க்களமாக நடந்தாலும் தாலி கட்டுகிற நிமிஷம்தானே முக்கியம்? இங்கே அந்த நிமிஷம் பட்டருடையது. நூறு மீட்டர் பிரமாதமாக எறிந்தவன் ஐந்து மீட்டரில் கோட்டைவிட்டால், அந்த நூறு மீட்டரும் வீண்.

அத்தான் இதில் இருபத்தைந்து வருஷமாகப் பைத்தியம். மதுரையில் இருந்த காலத்தில் அவருக்குக் காரம் பைத்தியம். தம் ஸ்ட்ரைக்கரை ஒருவரையும் தொட விடமாட்டார். அமெரிக்கா போன பிறகு ஆபீஸ் சிநேகிதர் ஒருவர் பூங்காவுக்கு அழைத்துப்போய்த் தட்டைக் கையில் கொடுத்தார். அன்றிலிருந்து சனிக்கிழமை காலை என்றால் அத்தான் வீட்டில் இருக்கமாட்டார். அவரும் இன்னும் மூன்று கிழவர்களும் ஒரு கோஷ்டி. 2004-இல் வாங்கிய ஒரு மஞ்சள் பட்டரை அவர் பத்தொன்பது வருஷம் வைத்திருந்தார். மரத்தில் மோதி, பாறையில் உரசி, வெயிலில் வெளுத்து, அது பழைய தோசைக்கல் மாதிரி ஆகியிருந்தது. ஆனால் அவர் கைக்கு அது தெரியும். அவர் கையும் அதற்குத் தெரியும்.

2023 பிப்ரவரியில் மழையில் படி வழுக்கி விழுந்தார். வலது மணிக்கட்டு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. பிறகு மாதக்கணக்கில் கைப்பயிற்சி. எலும்பு கூடிவிட்டது, பிடி மட்டும் பழையபடி வரவில்லை. மஞ்சள் தட்டை எறிந்தால் அது கூடையின் கீழ்க் கம்பியில் 'டங்' என்று மோதிக் கீழே விழுந்தது. கையில் பலம் குறைந்ததால் தோளைக் கொடுத்துத் தள்ளிப் பார்த்தார். அப்போதும் வரவில்லை. "இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்" என்று சனிக்கிழமைகளில் வீட்டிலேயே தங்க ஆரம்பித்தார்.

"முதலில் சிநேகிதர்கள் வாரா வாரம் போன் செய்தார்கள். அப்புறம் மாதம் ஒரு தரம். இப்போது போன் வருவதே நின்றுவிட்டது" என்றாள் அக்கா. "ரிட்டயர் ஆன மனுஷர். டி.வி. முன்னால் உட்கார்ந்தால் எழுந்திருப்பதில்லை. நான் கவலைப்படுவது தட்டைப் பற்றி இல்லை. நீ எப்படியாவது அவரை இதை எறியும்படி செய்."

நான் யோசித்தேன். அறுபத்து நாலு வயதுக்காரரிடம் போய், "அத்தான், மனம் தளராதீர்கள்" என்று உபதேசம் செய்தால் அவர் என்ன செய்வார்? டி.வி. சத்தத்தைக் கூட்டுவார். ஆகவே மறுநாள் காலை காப்பி குடிக்கும்போது, "அத்தான், நான் பத்திரிகையில் எழுத வேண்டும். எனக்கு இந்தத் தட்டு விளையாட்டைக் கற்றுக்கொடுங்கள்" என்றேன். பத்திரிகைக்காரன் சொல்கிற பொய்களில் இது ஒன்று என்று நினைக்காதீர்கள். நீங்கள் படித்துக்கொண்டிருக்கிறீர்களே, ஆகவே அது பொய்யில்லை.

அத்தான் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். பிறகு, "ஏதாவது ஒரு தட்டை எடுத்துக்கொண்டு வா" என்றார். நான் நீலத் தட்டை எடுத்துக்கொண்டு போனேன்.

வீட்டுக் கொல்லையில் பழகுவதற்கென்று ஒரு கூடை வைத்திருந்தார். அதற்குப் பின்னால், தொட்டியில், அக்கா உயிரைக் கொடுத்து வளர்க்கும் கறிவேப்பிலைச் செடி. நான் எறிந்த முதல் தட்டு நேராகப் போய்க் கறிவேப்பிலையில் மூன்று கொத்தை முறித்தது. அன்று ரசத்தில் வாசனை தூக்கலாக இருந்தது.

"கையால் வீசாதே. தட்டுச் சுழல வேண்டும். சுழலாத தட்டு வெறும் மூடி" என்றார் அத்தான்.

அவர் இஞ்சினீயர். பாடம் நடத்த ஆரம்பித்தால் அடிப்படையிலிருந்துதான் வருவார். பம்பரம் சுழலும்வரை நிமிர்ந்து நிற்கிறதல்லவா? தட்டும் அப்படித்தான், சுழல்கிறவரை சாயாது. வலது கைக்காரர் உடம்பின் குறுக்கே இழுத்து எறியும்போது அது மேலிருந்து பார்த்தால் கடிகார முள் திசையில் சுழலும். பறக்கும் தட்டின் முன்பக்கத்தைக் காற்று தூக்கப் பார்க்கும். சுழலும் பொருளைத் தூக்கினால் அது தூக்கிய பக்கம் போகாமல் பக்கவாட்டில் சாயும். ஆகவே வேகம் குறையக் குறையத் தட்டு இடது பக்கம் இறங்கும். புதுத் தட்டு இந்த இடது பக்க இறக்கத்தைத் தவறாமல் காட்டும். அடிபட்டுத் தேய்ந்த தட்டு நேராகப் போகும். இன்னும் தேய்ந்தால் வலது பக்கமே திரும்பும். ஒரே அச்சில் வார்த்த இரண்டு தட்டுகள் கூட வயது வித்தியாசத்தால் இரண்டு விதமாகப் பறக்கும்.

"அப்படியானால் உங்கள் மஞ்சள் தட்டு?" என்று கேட்டேன்.

"அது கோடு போட்ட மாதிரி நேராகப் போகும். பத்தொன்பது வருஷத்துத் தேய்மானம். அதைக் கடையில் விலைக்கு வாங்க முடியாது, மாப்பிள்ளை."

எடை விஷயமும் இருந்தது. குறுக்களவில் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் 8.3 கிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது விதி. ஆகவே 21.2 சென்டிமீட்டர் அகலமுள்ள பட்டர் 176 கிராமைத் தொடாது. அத்தானுடைய மஞ்சள் தட்டு 175 கிராம். அக்கா வாங்கியது, டாக்டர் சொன்ன யோசனைப்படி, 160 கிராம். பதினைந்து கிராம்தான் வித்தியாசம். அதாவது ஒரு காரம் ஸ்ட்ரைக்கரின் எடை. இதற்கா இவ்வளவு கலாட்டா என்று எனக்குத் தோன்றியது.

"ஸ்ட்ரைக்கரை மாற்றிக் கொடுத்தால் நீ ஆடுவாயா?" என்று அத்தான் திருப்பிக் கேட்டார். நான் வாயை மூடிக்கொண்டேன்.

நான்கு நாள் நான் எறிந்தேன். அத்தான் நாற்காலியில் உட்கார்ந்து திட்டினார். ஐந்தாம் நாள் அவருக்குப் பொறுக்கவில்லை. "இங்கே கொடு, எப்படி என்று காட்டுகிறேன்" என்று எழுந்தார். நான் மூச்சு விடாமல் நீலத் தட்டை அவர் கையில் கொடுத்தேன். சமையலறை ஜன்னலில் திரை அசைந்தது.

அவர் எறிந்தார். தட்டு சங்கிலிக்கு மேலே, இடது பக்கமாகப் பறந்து, வேலியைத் தாண்டி அடுத்த வீட்டில் விழுந்தது.

அத்தான் ஒன்றும் சொல்லவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். டி.வி. சத்தம் கேட்டது. நான் அடுத்த வீட்டு வாசலில் போய் மணியை அடித்து, அசட்டுச் சிரிப்புச் சிரித்துத் தட்டை வாங்கி வந்தேன்.

அன்று இரவு சாப்பிடும்போது நான் ஒரு சாமர்த்தியம் செய்யப் பார்த்தேன். இந்த விளையாட்டில் பால் மெக்பெத் என்று ஒரு மகா கெட்டிக்காரர் இருக்கிறார். 2012 முதல் 2015 வரை தொடர்ந்து நான்கு தரம் உலகச் சாம்பியன். அதெல்லாம் ஒரு கம்பெனித் தட்டுகளை வைத்து ஜெயித்தது. 2019-இல் அவர் டிஸ்கிராஃப்ட் என்ற வேறு கம்பெனிக்கு மாறினார். மாறினால் பையில் உள்ள அத்தனை தட்டுகளையும் மாற்ற வேண்டும், பட்டர் உட்பட. அவருக்காகவே 'லூனா' என்று ஒரு புதுப் பட்டர் அந்த வருஷம் வந்தது. 'ஆள் தீர்ந்தான்' என்று பேசியவர்கள் உண்டு. அதே வருஷம் இல்லினாய் மாகாணத்தில் பியோரியாவில் நடந்த உலகப் போட்டியில் அவர் மறுபடியும் சாம்பியன் ஆனார். 2021-இல் அந்தக் கம்பெனி அவருக்குப் பத்து வருஷத்துக்கு ஒரு கோடி டாலர் என்று ஒப்பந்தம் போட்டது. 2022-இல் ஆறாவது பட்டம். இதையெல்லாம் நான் ஆவேசமாகச் சொல்லி முடித்து, "பார்த்தீர்களா அத்தான், புதுப் பட்டரால்..." என்று ஆரம்பித்தேன்.

"அவன் மாற்றியபோது அவனுக்கு இருபத்தெட்டு வயசு. மணிக்கட்டும் முறியவில்லை. குழம்பை இந்தப் பக்கம் தள்ளு" என்றார் அத்தான்.

என் சாமர்த்தியம் அத்துடன் தீர்ந்தது. ஆனால் அக்கா விடவில்லை. சாம்பார்க் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"முப்பது வருஷத்துக்கு முன்னால் நான் இந்த ஊருக்கு வந்தபோது மின்சார அடுப்பைப் பார்த்ததே கிடையாது. முதல் பத்து நாள் தோசை ஒரு பக்கம் கரி, ஒரு பக்கம் மாவு. நீங்கள் என்ன சொன்னீர்கள், ஞாபகம் இருக்கிறதா? 'பரவாயில்லை, நாளைக்குப் பார்க்கலாம்'னு சொல்லி அந்தக் கரியைத் தின்றீர்கள். பதினோராம் நாள் தோசை வந்தது. நீங்கள் இரண்டே இரண்டு நாள் எறிந்துவிட்டு அலமாரியில் வைத்துவிட்டீர்களே, நான் அன்றைக்கு அடுப்பை அலமாரியில் வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?"

அத்தான் பதில் சொல்லவில்லை. ஆனால் மறுநாள் காலை நான் எழுந்து வருவதற்கு முன்பே கொல்லையில் 'டங்', 'டங்' என்று சத்தம் கேட்டது.

அடுத்த ஒரு வாரம் அவர் செய்ததை அப்படியே சொல்கிறேன். எதையாவது புதிதாகப் பழக வேண்டியவர்களுக்கு உபயோகமாகும். முதல் நாள் கூடையிலிருந்து மூன்று அடி தூரத்தில் நின்றுகொண்டார். தவறவே முடியாத தூரம். அங்கிருந்து இருபது தரம். அடுத்த நாள் இரண்டு அடி பின்னால். பத்துக்கு எட்டு விழுந்தால்தான் பின்னால் போவது. விழாவிட்டால் ஓர் அடி முன்னால் வருவது. தோளைக் கொடுத்துத் தள்ளும் வழக்கத்தை விட்டார். இலேசான தட்டுக்கு அது வேண்டாம். அந்தத் தள்ளல்தான் தட்டை மேலே தூக்கி வேலிக்கு அனுப்பியது என்று கண்டுபிடித்தார். இடது பக்கம் இறங்கும் என்று தெரிந்தபின் கூடையின் வலது பக்கச் சங்கிலியைப் பார்த்து எறிந்தார். புதுத் தட்டின் விளிம்பு அடியில் அச்சுப் பிசிறு ஒன்று விரலை உறுத்திக்கொண்டிருந்தது. அதை உப்புத்தாள் கொண்டு தேய்த்து எடுத்தார். விரல் சமாதானம் ஆயிற்று.

நான்காம் நாள் ஒரு வேடிக்கை நடந்தது. நீலத் தட்டு ஓரளவு விழ ஆரம்பித்த சந்தோஷத்தில் பழைய மஞ்சளை எடுத்து எறிந்து பார்த்தார். அது கூடைக்கு முன்னாலேயே, வலது பக்கமாக விழுந்தது! அத்தான் முகம் வாடிவிட்டது. "புதுசும் முழுசா வரலை, பழசும் போயிடுச்சு" என்றார்.

எனக்கும் அப்போது பதில் தெரியவில்லை. ஊர் திரும்பியபின் படித்துத் தெரிந்துகொண்டேன். 1996-இல் செயின்ட் லூயிஸ் நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் ஒரு பரிசோதனையை வெளியிட்டார்கள். ஆட்களுக்குப் பட்டகக் கண்ணாடி மாட்டிக் களிமண் உருண்டைகளைக் குறி பார்த்து எறியச் சொன்னார்கள். அந்தக் கண்ணாடி எல்லாவற்றையும் ஒரு பக்கமாகத் தள்ளிக் காட்டும். முதலில் உருண்டை தவறிப் போயிற்று. எறிய எறியக் கை தானே திருத்திக்கொண்டு குறிக்கு வந்துவிட்டது. பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு எறியச் சொன்னபோது, உருண்டை எதிர்ப்பக்கமாகத் தவறியது! கை புதியதைக் கற்றுக்கொண்டதற்கு அதுதான் அடையாளம். பின்தலையில் உள்ள சிறுமூளை பாதிக்கப்பட்ட நோயாளிகள் சிலர் எத்தனை எறிந்தாலும் திருந்தவில்லை. அவர்களுக்குக் கண்ணாடியைக் கழற்றியபின் எதிர்ப்பக்கத் தவறும் இல்லை. வாரக்கணக்கில் இரண்டு விதமாகவும் பழகியவர்களோ, கண்ணாடியோடும் சரி, இல்லாமலும் சரி, முதல் எறிதலிலேயே குறியை அடித்தார்கள். ஒரே கைக்குள் இரண்டு பழக்கமும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார இடம் இருக்கிறது.

அத்தான் பழைய தட்டைத் தவறவிட்டாரே, அதைப் பார்த்து அவர் வருத்தப்பட்டிருக்கக் கூடாது. பாயசம் வைக்கச் சொல்லியிருக்க வேண்டும். அவருடைய சிறுமூளை அன்றைக்குப் பாஸ் செய்துவிட்டது!

ஒன்பதாம் நாள், கொல்லை போதாது என்று, அத்தானே காரை எடுத்தார். "வா, உனக்கு ஒரு ஸ்தலம் காட்டுகிறேன்" என்றார். லா கன்யாடா ஃபிளின்ட்ரிட்ஜ் என்ற ஊரில், பெரிய பெரிய ஓக் மரங்களுக்கு நடுவே ஓக் குரோவ் பூங்கா. பக்கத்திலேயே செவ்வாய்க் கிரகத்துக்கு வண்டி அனுப்புகிற ஜே.பி.எல். ஆராய்ச்சிக்கூடம். அவர்கள் தட்டு வேறு கிரகத்துக்கு. நம் தட்டு கூடைக்கு!

இந்த விளையாட்டுக்கு இது ஸ்தலம் என்று அத்தான் சொன்னது வீண் பெருமை அல்ல. 1937-இல் ஃபிரெட் மாரிசன் என்ற வாலிபர் தகர மூடியை எறிந்து விளையாட ஆரம்பித்தார். பிறகு கடற்கரையில் ஐந்து சென்ட் விலையுள்ள கேக் தட்டை எறிந்துகொண்டிருந்தபோது ஒருவர் இருபத்தைந்து சென்ட்டுக்குக் கேட்க, இதில் வியாபாரம் இருக்கிறது என்று கண்டுகொண்டார். அவருடைய பிளாஸ்டிக் தட்டை 1957-இல் வாம்-ஓ கம்பெனி விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதுதான் ஃபிரிஸ்பி ஆயிற்று. அந்தக் கம்பெனியில் உத்தியோகம் பார்த்த எட் ஹெட்ரிக் என்பவர் தட்டின் மேல் வளையக் கோடுகள் போட்டு அதை நிதானமாகப் பறக்கவைத்து 1967-இல் காப்புரிமை பெற்றார். 1975-இல் இதே ஓக் குரோவில் உலகத்தின் முதல் நிரந்தர டிஸ்க் கால்ஃப் மைதானத்தை அமைத்தவரும் அவரே. ஆரம்பத்தில் வெறும் கம்பங்கள்தாம். தட்டு கம்பத்தில் பட்டதா, படவில்லையா என்று சண்டை வரும். சண்டையைத் தீர்க்கத்தான் சங்கிலிக் கூடையைக் கண்டுபிடித்தார். 1977-இல் அதற்கும் காப்புரிமை. 2002-இல் அவர் காலமானபோது, அவர் விருப்பப்படி அஸ்தியைப் பிளாஸ்டிக்கில் கலந்து தட்டுகளாக வார்த்தார்கள்.

"நம்மவர்கள் கங்கையில் கரைப்பார்கள். இவர் காற்றில் பறக்கிறார்" என்றார் அத்தான். நெடுநாளைக்குப் பிறகு அவர் சிரித்ததை அன்று பார்த்தேன்.

அன்று நாங்கள் ஆறு கூடை ஆடினோம். நான் எத்தனை எறிந்தேன் என்பதைக் கேட்காதீர்கள். அத்தான் பத்து மீட்டர் வட்டத்துக்குள்ளிருந்து போட்ட ஆறு பட்டர் எறிதல்களில் இரண்டு விழுந்தன. மஞ்சள் தட்டின் நல்ல காலத்தில் ஐந்து விழுந்திருக்கும். திரும்பும்போது காரில் அவர் பேசவில்லை. மறுபடியும் அலமாரிதானோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனார். உள்ளே வந்து, "சனிக்கிழமை எட்டு மணிக்கு. நீயும் வா" என்றார்.

வெள்ளிக்கிழமை இரவு நான் தண்ணீர் குடிக்க எழுந்தபோது சாப்பாட்டு மேஜையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அத்தான் நீலத் தட்டைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு, அழியாத மையால் தம் பெயரையும் போன் நம்பரையும் எழுதிக்கொண்டிருந்தார். தட்டு காணாமற்போனால் கண்டெடுத்தவர் கூப்பிடுவதற்காக எல்லோரும் அப்படி எழுதுவது வழக்கம். மூன்று மாதமாக அந்தத் தட்டில் பெயர் இல்லை. அதை அதுவரை நான் கவனிக்கவே இல்லை. மணிக்கட்டு இன்னும் முழுமையாக மடங்காததால் எழுத்துக் கோணலாக வந்தது. நான் சத்தம் செய்யாமல் திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை மூன்று கிழவர்களும் மைதானத்தில் காத்திருந்தார்கள். ஒருவர் அத்தானைக் கட்டிக்கொண்டார். ஒருவர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூன்றாமவர் முதுகில் ஓங்கி ஒரு தட்டு தட்டினார். போன் செய்யாததற்கு அவர்கள் சொன்ன காரணம் என்ன தெரியுமா? "நாங்கள் கூப்பிடக் கூப்பிட உனக்கு வேதனை அதிகமாகுமே என்றுதான் நிறுத்தினோம்." இவர் அவர்கள் மறந்துவிட்டார்கள் என்று நினைத்து வீட்டில் இருந்திருக்கிறார்! மனுஷர்கள் எந்த ஊரிலும் ஒரே மாதிரிதான்.

முதல் கூடையில் அத்தான் ஆறு மீட்டரிலிருந்து எறிந்தார். தவறியது. இரண்டாவதில் சங்கிலியில் பட்டு வெளியே விழுந்தது. கட்டிக்கொண்ட கிழவர் நீலத் தட்டைப் பார்த்து, "புதிதா?" என்று கேட்டார்.

"புதிது. இன்னும் பழகவில்லை" என்றார் அத்தான்.

அந்த 'இன்னும்' என்ற வார்த்தையை நான் கவனித்துக்கொண்டேன். மூன்று மாதமாக அக்காவிடம் அவர் சொல்லிவந்தது 'ஒத்துவராது' என்பது.

நான்காவது கூடையில் விழுந்தது. எட்டு மீட்டர் இருக்கும். சங்கிலி 'ஜல்' என்றது. மாட்டுவண்டிச் சலங்கை மாதிரி ஒரு சத்தம். கிழவர்கள் கைதட்டினார்கள். மொத்த ஆட்டத்தில் அத்தான்தான் கடைசி. அதாவது, என்னைக் கணக்கில் சேர்க்காவிட்டால்!

வாசகர்களே, உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு நீலத் தட்டு அலமாரியில் இருக்கக்கூடும். அம்மாவுக்கு வாங்கிக் கொடுத்த புதுக் கண்ணாடி, அப்பாவுக்கு வாங்கிக் கொடுத்த கைத்தடி, தாத்தாவின் காது மெஷின், மாமியாருக்கு வந்த புதுப் போன். வாங்கிக் கொடுத்துவிட்டோம், அவர்கள்தான் தொடமாட்டேன் என்கிறார்கள் என்று நாம் குறைப்பட்டுக்கொள்கிறோம். பழைய பொருளைக் கீழே வைக்கும்போது அதனோடு தம்முடைய பழைய கையையும் அல்லவா அவர்கள் கீழே வைக்க வேண்டியிருக்கிறது? அதற்குக் கொஞ்ச நாள் ஆகும். கரிந்த தோசையை முகம் சுளிக்காமல் தின்று, "பரவாயில்லை, நாளைக்குப் பார்க்கலாம்" என்று சொல்ல ஓர் ஆள் பக்கத்தில் வேண்டும். பொருளின் விலையோடு அந்தப் பத்து நாளையும் சேர்த்துக் கொடுங்கள்.

மஞ்சள் தட்டு என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? நான் ஊருக்குக் கிளம்பும்போது, "நினைவாக எனக்குக் கொடுங்களேன்" என்று கேட்டுப் பார்த்தேன்.

"அதற்கென்ன அவசரம்?" என்று சொல்லி அத்தான் அதைத் தம் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டார்.